ஆற்றுக்கண்ணாடி

கண்ணாடி துடைக்கும் துணி ஈரமாக இருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேறு எது நனைந்தாலும் அந்தத் துணி நனையக் கூடாது. நேற்று கடையை மூடும்போது பெரியவர்தான் அதை நான்காக மடித்து மேஜையின் மேல் இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி ஒன்றே ஒன்று. அது இரவெல்லாம் அவருடைய சட்டைப்பையில் கிடந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை. வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், ஃப்ரேம்களையாவது துடைத்து வைப்போம் என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தவர், துணியை எடுத்ததும் விரல் சில்லிட்டுப் போய் நின்றார். பிழிந்தால் சொட்டும் போலிருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். பாசி வாடை அடித்தது. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஒழுகிய தடம் எதுவும் இல்லை. மழை பெய்தே மாதக்கணக்காகிறது.

பெரியவர் என்பது கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். தம்பி சின்னவர். கடையை இருவரும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள் என்றாலும், படியேறும் எவனும் முதலில் கேட்பது "சின்னவர் இருக்காரா?" என்றுதான். இல்லை என்றால், "பரவால்ல, அப்புறம் வரேன்" என்று திரும்பிவிடுவான். அண்ணன் அதே இயந்திரத்தில், அதே லென்ஸை, அதே அளவுக்குத்தான் அரைத்தார். ஆனால் கை என்று ஒன்று இருக்கிறதே, அது தம்பியிடம் இருந்தது. இருபது வருடம் இதைக் கேட்டுக் கேட்டு அவருக்குள் ஏதோ ஒன்று புளித்துப்போயிருந்தது. இரண்டு வருடம் முன்பு தம்பி ஆற்றோடு போனான். இப்போது யாரும் சின்னவரைக் கேட்பதில்லை. கடை பெரியவருடையது.

துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். கையைக் கழுவினார். வாடை போகவில்லை.

கதவைத் திறந்துகொண்டு தம்பி மனைவி உள்ளே வந்தாள். புருஷன் போனபின் கடையின் முன்பக்கம் அவள் பொறுப்பில்தான் இருந்தது. கண் பரிசோதித்துச் சீட்டு எழுதுவாள். இந்த இரண்டு வருடத்தில் லென்ஸ் அரைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். அதிகம் பேச மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, வாசலிலிருந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். மேற்குப் பார்த்த கடை அது. சாயங்கால வெயில் கண்ணாடிக் கதவு வழியாகச் சரிந்து உள்ளே விழும் நேரம்.

"லாட்ஜுக்குப் போன் பண்ணிட்டேன் மாமா," என்றாள், நிமிராமலே.

"எந்த லாட்ஜு?"

"நீங்க ரெண்டு பேரும் மீன் பிடிக்கப் போவீங்களே, காட்டுக்குள்ள, ஆத்தோரமா. அதுதான். வர்ற வாரம் நாலு நாள். அவர் கடைசியா நின்ன இடத்தை நான் இன்னும் பாக்கவே இல்ல. நீங்கதான் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவர் மடியில் இருந்தது ஓர் ஆறு.

"எனக்கு இப்ப முட்டிவலிம்மா."

"படகுல உக்காந்துட்டே போகலாம்."

"கடை?"

"நாலு நாள்ல ஊர்ல எல்லாருக்கும் கண்ணு அவிஞ்சிடாது மாமா."

"இந்த மாசம் தண்ணி அதிகமா இருக்கும்."

அவள் துணியை வாளியில் பிழிந்தாள். "கேட்டுட்டேன். எழுந்து நின்னா மார்பளவுதானாம்."

அதற்குமேல் அவரிடம் சாக்கு இல்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, கண் பரிசோதனைச் சீட்டைத் திருப்பிப் போட்டு, எடுத்துப்போக வேண்டிய சாமான்களை எழுத ஆரம்பித்தாள். தூண்டில், நரம்புச் சுருள், முள் டப்பா, தொப்பி, கொசுவத்தி, முழங்கால் பூட்ஸ், டார்ச். ஒவ்வொன்றையும் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகே எழுதினாள். ரயில் எத்தனை மணிக்கு, அங்கிருந்து ஜீப் எவ்வளவு நேரம் என்றெல்லாம் சாவகாசமாகக் கேட்டாள். யாராவது பார்த்தால் உல்லாசப் பயணம் என்றுதான் நினைப்பார்கள்.

"மூணு பேருக்கு எழுதியிருக்கேன்," என்றாள்.

"மூணாவது யாரு?"

"படகுல மூணு பேர் இருந்தாத்தான் சாயாதாம்." அவள் பேனா நிற்கவில்லை. "அப்புறம் ஆத்துக்கண்ணாடி. உங்களோடது எங்க மாமா?"

"அது அன்னைக்கே ஆத்துல விழுந்துடுச்சும்மா. போட்டுக்கவே இல்ல, பையிலதான் வச்சிருந்தேன். குனிஞ்சப்ப விழுந்துடுச்சு. விசாரணையிலகூடச் சொன்னேனே."

"ஆமா, சொன்னீங்க." எழுந்தாள். "அப்ப புதுசு பண்ணிடறேன். உங்க பவர் எனக்குத் தெரியும்." பின்னறைக்குள் போனாள். சற்று நேரத்தில் அரைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. லென்ஸ் சூடாகாமல் இருக்க அதன்மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். இருபது வருடமாகக் கேட்கும் ஓசைதான். இன்று அது பாறைகளுக்கு நடுவே ஓடும் தண்ணீரின் ஓசையாகக் கேட்டது.

ஆற்றுக்கண்ணாடி என்பது தம்பி வைத்த பெயர். போலராய்டு லென்ஸ்தான், பழுப்பு நிறம். வெயிலில் தகதகவென்று மின்னும் தண்ணீரை வெறுங்கண்ணால் பார்த்தால் வெள்ளித் தகடு மாதிரி இருக்கும், ஒன்றும் தெரியாது. அந்தக் கண்ணாடியை மாட்டினால் மினுமினுப்பு முழுக்கக் கழன்றுபோகும். அடியில் கூழாங்கல் தெரியும், பாசி அசைவது தெரியும், பாறை நிழலில் ஒதுங்கி நிற்கும் மீன் தெரியும். தம்பி தன் கையாலேயே ஒன்று தனக்கும் ஒன்று அண்ணனுக்கும் செய்தான். கடையில் அதைவிட நேர்த்தியாக எதுவும் செய்யப்பட்டதில்லை.

அன்று பாறையில் நின்றபோது பெரியவர் அதைப் போட்டிருந்தார்.

தம்பி வழுக்கி விழுந்ததைப் பார்த்தார். அவன் கால் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டதையும், ஓட்டம் அவனை மல்லாக்கச் சாய்த்து அழுத்தியதையும் பார்த்தார். அவன் முகம் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது. கண் திறந்திருந்தது. ஒரு கை மேலே நீண்டிருந்தது. குனிந்து பிடித்து இழுத்தால் போதும்.

அவன் துடிக்கவில்லை. அதுதான் பெரியவரை இரண்டு வருடமாகத் தூங்கவிடாத விஷயம். முங்குகிறவன் கையைக் காலை அடிப்பான். தம்பி அடிக்கவில்லை. அண்ணன் முகத்தில் அந்தக் கண்ணாடி இருப்பதை அவன் கீழிருந்து பார்த்துவிட்டான். தான் தெரிகிறோம் என்பது, அதைச் செய்தவனுக்குத் தெரியாதா? அண்ணன் பார்த்துவிட்டான், இதோ குனிவான், கை கொடுப்பான் என்று மூச்சை அடக்கிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தான்.

பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொன்றேன் என்று அவர் ஒருநாளும் தனக்குள் சொல்லிக்கொண்டதில்லை. நின்றேன், அவ்வளவுதான். 'வெயில் கூசிச்சு, தண்ணிக்குள்ள ஒண்ணும் தெரியல' என்று எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். வெறுங்கண்ணுக்கு அது உண்மைதானே.

தொலைபேசி அடித்தது. எடுத்தார்.

"லாட்ஜ் மேனேஜர் பேசறேன் சார். உங்க புக்கிங் விஷயமா. மூணு பேர்னு எழுதியிருக்கு. அதுல ஒருத்தர் முன்னாடியே வந்துட்டாரு."

"யாரு?"

"பேரு சொல்லல சார். நான் இங்க புதுசு. ரூம் குடுத்தேன், வேண்டாம்னுட்டாரு. ஆத்தங்கரையிலேயே இருக்காரு. துணியெல்லாம் ஒரே ஈரம், மாத்திக்கச் சொன்னாலும் கேக்கல. அண்ணன் வந்து கை குடுப்பாருங்கறாரு." மேனேஜர் கொஞ்சம் தயங்கினார். "அவசரம் இல்லையாம் சார். இருக்கேன்னு சொல்லச் சொன்னாரு."

ரிசீவரைத் தவறவிட்டார். அது ஒயரில் தொங்கி ஆடியது. மேஜைக்கடியில் குனிந்து கீழ் இழுப்பறையை இழுத்தார். உடைந்த ஃப்ரேம்களை வாரி வெளியே போட்டார். அவற்றுக்கு அடியில் ஒரு தகர டப்பாவில் அவருடைய ஆற்றுக்கண்ணாடி இருக்க வேண்டும். எறியவும் மனம் வராமல், போடவும் துணிவில்லாமல் இரண்டு வருடமாக ஒளித்து வைத்திருந்தார்.

டப்பா இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு விரற்கடைத் தண்ணீர் நின்றது. அதில் ஒரு கூழாங்கல் கிடந்தது.

பின்னறையில் இயந்திரம் நின்றது. தண்ணீர் ஓசை நிற்கவில்லை.

"நாற்காலியில உக்காருங்க மாமா. சரியா இருக்கான்னு பாத்துடலாம்."

எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் போய்ப் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் புதுக் கண்ணாடியை அவர் முகத்தில் மாட்டினாள். மூக்குப் பட்டையை அழுத்தினாள். காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்தாள். இன்னும் கொஞ்சம் வளைத்தாள். வலித்தது.

அவர் மடியில் ஒரு புகைப்படத்தை வைத்தாள்.

"ரூம் எப்படி இருக்கும்னு படம் கேட்டேன். அவங்க சுவத்துல மாட்டியிருந்ததையும் சேத்து அனுப்பிட்டாங்க. அன்னைக்குத் தூரத்துலருந்து யாரோ எடுத்திருக்காங்க, ஓரத்துல தேதி இருக்கு."

படத்தில் ஆறு வெள்ளையாக மின்னியது. பாறைமேல் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் பழுப்புக் கண்ணாடி.

"நான் தினமும் லென்ஸ் பாக்கறவ மாமா," என்றாள். குரல் உயரவே இல்லை. "இது வெறும் கூலிங்கிளாஸ் இல்லன்னு எனக்குத் தெரியாதா? அவர் அதைச் செஞ்சப்ப பக்கத்துல உக்காந்திருந்தவ நான். ரெண்டு வருஷமா உங்களுக்கு டீ போட்டுக் குடுத்திருக்கேன். அதை நெனச்சா என் கையே எனக்கு அருவருப்பா இருக்கு."

பெரியவர் படத்தை மடியிலேயே கவிழ்த்து வைத்தார்.

"கீழ பாருங்க," என்றாள், நோயாளியிடம் கேட்கும் அதே நிதானத்தில். "இப்ப என்ன தெரியுது?"

துடைத்த தரை இன்னும் காயவில்லை. வெயில் பட்டு அது தகதகத்திருக்க வேண்டும். கண்ணாடியில் அந்தத் தகதகப்பு இல்லை. தரையும் இல்லை. நாற்காலிக் கால்களுக்குக் கீழே ஆழம். கூழாங்கற்கள். ஒரே பக்கமாகச் சாய்ந்து அசையும் பாசி. இரண்டு கற்கள். நடுவே ஒரு கால். வெளுத்த சட்டை. திறந்த கண்கள். மேலே நீண்ட கை, அவர் செருப்புக்கு ஒரு சாண் கீழே.

தம்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை அந்த முகத்தில். காத்திருந்தான்.

கண்ணாடியைக் கழற்றக் கை போனது. கம்பி காதுக்குப் பின்னால் எலும்போடு இறுகியிருந்தது. அசையவில்லை.

"சொல்லுங்க மாமா. தெரியுதா?"

தெரிகிறது என்று ஒரு வார்த்தை. குனிந்து ஒரு கை. அது போதும் என்று அவருக்குத் தெரிந்தது. எப்படியோ தெரிந்தது. ஆனால் இரண்டு வருடம் பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"ஒண்ணும் தெரியல," என்றார் பெரியவர். "வெயில் கூசுது."

நீண்டிருந்த கை மூடியது. கணுக்காலில் சில்லென்று ஒரு பிடி.

பிறகு சத்தமே இல்லை. காதுக்குள் தண்ணீர். முதுகில் கூழாங்கல். கால் இரண்டு கற்களுக்கு நடுவே. பக்கத்தில் இப்போது யாரும் இல்லை. மல்லாந்து மேலே பார்த்தார். ஒரு சாண் உயரத்தில் கடையின் கூரை நெளிந்தது, மின்விசிறி நெளிந்தது. விளிம்பில் அவள் நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சட்டை சொட்டச் சொட்ட இன்னொரு உருவம். வெறும் தரை மின்னுவதுதான் அவளுக்குத் தெரியும், நான் இருப்பது தெரியாது என்று பதறி, இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கையை மேலே நீட்டினார்.

அவள் தகர டப்பாவைத் திறந்தாள். அதிலிருந்த பழைய ஆற்றுக்கண்ணாடியை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். போட்டுக்கொண்டாள்.

குனிந்து நேராக அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டாள். அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

அவர் துடிப்பதை நிறுத்தினார். கையை நீட்டியபடியே காத்திருந்தார்.

அவள் நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.