மூச்சு இழுக்காத பாடகி

அந்தப் பாட்டில் முதலில் உறுத்தியது, பாடகி எங்கேயுமே மூச்சு இழுக்கவில்லை என்பதுதான். எப்பேர்ப்பட்ட தொண்டையாக இருந்தாலும், ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போவதற்குள் காற்றை உள்ளே வாங்குகிற சத்தம் பழைய இசைத்தட்டின் கரகரப்பையும் மீறிக் கேட்டுவிடும். இதில் கேட்கவில்லை. வரிகளுக்கு நடுவே ஈரமான ஒரு சப்புக்கொட்டல் மட்டும் இருந்தது, பல் விழுந்த வாய் எதையோ குதப்பி முடித்ததுபோல.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அலுவலகத்தில் வாயாடி என்று பெயர். பாட்டுகளைக் கேட்டு, வேகம் என்ன, சுருதி என்ன, குணம் என்ன என்று இணைய நூலகம் ஒன்றுக்குப் பதிந்து கொடுப்பது அங்கே தொழில். சினிமாப் பாட்டின் வேகத்தைக் கணினியே சொல்லிவிடும். ஓபரா என்கிற மேல்நாட்டு இசை நாடகப் பாட்டில் அது திணறும். பாடுகிறவர் இழுத்தால் வாத்தியக்காரர்கள் காத்திருப்பார்கள். அதனால் ஆள்தான் கேட்க வேண்டும், கேட்கும்போது கூடவே முனகவும் வேண்டும். பாட்டு கடைசியில் வந்து உட்காருகிற ஸ்வரத்தைத் தன் தொண்டையில் பிடித்துப் பார்த்தால்தான் சுருதி உறுதி என்பது அந்த அலுவலகத்தின் சட்டம்.

இந்த இத்தாலிய ஓபரா மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கேட்டவர்கள் ஆளுக்கொரு வேகம் போட்டு வைத்திருந்தார்கள்.

"இதையாவது உருப்படியா முடி," என்றார் டீம் லீடர். "சாயங்காலத்துக்குள்ள குடுத்தாதான் உன் வேலைய பர்மனென்ட் பண்ணச் சொல்லி நான் மேல பேச முடியும். ஆமா, உங்க வீட்ல இந்த மாதிரி மியூசிக்லாம் கேட்டிருக்கியா?"

"எங்க வீட்ல ரேடியோவே இல்ல சார். காது இருந்துச்சு. ஆளுக்கு ரெண்டு."

பக்கத்து மேசை அக்கா குனிந்துகொண்டு சிரித்தாள். அவர் போனதும், "அடங்கவே மாட்டியாடி நீ?" என்றாள். "பாத்துக் கேளு. உனக்கு முன்னாடி இதைக் கேட்டவன் பேச்சே வரலன்னு சைகை காட்டிட்டுப் போனான். அப்புறம் ஆளே காணோம்."

"தொண்டை கட்டியிருக்கும்க்கா. எனக்கு அதுக்கெல்லாம் வசதியில்ல."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்லூரியில் இடம், விடுதியில் கட்டில், இந்த வேலை, எல்லாமே அவள் வாயால் சண்டை போட்டு வாங்கியது. அவள் குடும்பத்தில் அதுவரை யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வாய் போனால் அவளிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

கேட்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு; கதவைச் சாத்தினால் பகல் செத்துவிடும். ஹெட்போனின் தோல் உரிந்து, எத்தனையோ பேருடைய காதுப் பிசுக்கு ஏறி, மாட்டியவுடன் கன்னத்தில் ஈரமாக ஒட்டிக்கொண்டது. பாட்டை ஓடவிட்டாள். வயலின்கள் அடியில் மெதுவாக ஊர்ந்தன. அவற்றின் மேல் அந்தக் குரல், அழகாகத்தான், ஆனால் ஆடை படிந்த பாலைப்போல வழவழவென்று வழிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு முனகினாள். சுருதி, டி மைனர். ஸ்வரம் தொண்டையில் போய்ப் பொருந்தியது.

அப்போதுதான் நாக்கில் அந்த ருசி. வாரக்கணக்கில் மாற்றாத பூ ஜாடித் தண்ணீர். அதில் கரைந்த உதட்டுச் சாயத்தின் மெழுகு. அடுத்தவர் எச்சில்.

துப்புவதற்குக் குப்பைத்தொட்டியை இழுத்தாள். எச்சில் நூலாக நீண்டு தொங்கியதே தவிர அறுந்து விழவில்லை. விரலால் வழித்துத் துடைத்தாள். இளஞ்சிவப்பாக இருந்தது.

பாட்டு வேகம் பிடித்திருந்தது. அவளுக்கும் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு வரி முடிவிலும், மிகச் சரியாக அந்தச் சப்புக்கொட்டலுக்குப் பின், தன் நெஞ்சு தானாக விம்முவதை அவள் கவனித்தாள். இவள் இழுத்தாள். அங்கே குரல் எழுந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி எழுந்தது.

சே, பைத்தியமா நமக்கு?

மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை நிறுத்திப் பார்த்தாள். குரல் ஒரே ஸ்வரத்தில் தொங்கியது. மெலிந்தது. வயலின்கள் அதே இடத்தில் அரைத்தன. அரைத்துக்கொண்டே இருந்தன. யாரோ பசியோடு, பொறுமையாக, உதட்டை நக்கும் சத்தம்.

தாங்க முடியவில்லை. இழுத்துவிட்டாள்.

பாட்டு குதித்து ஓடியது.

ஆளுக்கொரு வேகம். ஆளுக்கொரு மூச்சு. ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள். கன்னத்துத் தோல் கொஞ்சம் அதோடு போனது. பாட்டு நிற்கவில்லை. காதில் இல்லை இப்போது. கீழே. தொண்டைக்குழியில். உள்ளே எதுவோ வசதியாகத் திரும்பி உட்கார்ந்தது.

குணம் என்ற கட்டத்தில் முன்பு 'சோகம்' என்று போட்டிருந்தாள். அதை அழித்துவிட்டு 'பசி' என்று அடித்தாள். யாருக்காவது தெரிய வேண்டும்.

கதவு திறந்தது. டீம் லீடர். பின்னால் அக்கா.

"முடிஞ்சுதா? சுருதி என்ன?"

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். உள்ளே வராதீங்க, காதைப் பொத்திக்குங்க என்று கத்தத்தான் திறந்தாள். சத்தம் வரவில்லை. நாக்கு அசைந்தது. அவ்வளவுதான்.

"என்னடி, வாயாடிக்கே வாயடைச்சுப் போச்சா?" அக்கா சிரித்துக்கொண்டே கிட்டே வந்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "இரு. நல்லாத் தொற. உள்ள ஏதோ..."

போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்தாள். அக்காவின் மூக்குக்கண்ணாடியில் அவளுக்கும் தெரிந்தது, சின்னதாக, இரண்டிரண்டாக. நாக்குக்குப் பின்னால், உள்நாக்கு தொங்க வேண்டிய இடத்தில், இரண்டு உதடுகள். கிழட்டு உதடுகள். வெடிப்புகளில் சிவப்புச் சாயம். பளபளவென்று எச்சில்.

அவை வெளிச்சத்தைப் பார்த்து மெதுவாகப் பிரிந்தன.

அக்காவும் டீம் லீடரும், ஒரே நேரத்தில், நெஞ்சு விம்ம மூச்சை உள்ளே இழுத்தார்கள்.