ஏரிக்குடிசைக்கு ஒரு கணப்பு

அருள்முருகன் பைக்கை ஏரிக்கரை மேலேயே நிறுத்திவிட்டுக் கையை நீட்டிக் காட்டினான். தண்ணீருக்குள் சவுக்குக் கழிகளை நட்டு, மேலே பலகை பரப்பி, கீற்று வேய்ந்த குடிசை. கரையிலிருந்து அதுவரை ஒற்றைப் பலகைப் பாதை.

"இதான் உன் ஆபீஸு. எவனாச்சும் வலையத் தூக்கிக்கினு வந்தா டார்ச் அடி, ஒரு சவுண்டு வுடு. போதும்."

நவீன்குமார் தலையாட்டினான். அருள்முருகன் அவனுக்குப் பெரியப்பா மகன். காட்டேரிக்குப்பத்துக்கு மேற்கே இருக்கும் இந்த ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தான். கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தது. காவலுக்கு ஆள் தேவைப்பட்டது. நவீனுக்கு வீட்டில் இல்லாமல் இருக்க ஓர் இடம் தேவைப்பட்டது.

அவன் மனைவி சுவேதா ஐப்பசியில் செத்துப்போனாள். அதற்குப் பிறகு சேதராப்பட்டு கம்பெனியில் பார்த்த லேப் வேலைக்கு அவன் போகவில்லை. வில்லியனூர் வீட்டில் மாமியார் அமிர்தம், துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் மகளின் சாவை முதலிலிருந்து சொல்லி அழுதாள். வந்தவர்கள் அழாத மருமகனைத் திரும்பிப் பார்த்தார்கள். மீன் அப்படிப் பார்க்காது என்று கிளம்பி வந்துவிட்டான்.

குடிசைக்குள் சுவர் முழுக்க பழைய ஃபிளெக்ஸ் பேனர். மழைச்சாரல் வராமலிருக்க அருள்முருகன் அடித்தது. யாரோ ஒரு குழந்தை காதணி விழாவில் கைகூப்பி வரவேற்றது. ஏரியைப் பார்க்க ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி பிளாஸ்டிக். தரைப் பலகையில் ஒரு சதுர ஓட்டை, உட்கார்ந்த இடத்திலிருந்தே தூண்டில் இறக்க. அதற்கு ஒரு மூடியும் இருந்தது.

"ஃபேன் இல்ல. கொசு பிடுங்கும். வேற ஒண்ணியும் இல்லடா."

வேறு ஒன்று இருந்தது.

பொழுது சாய்ந்ததும் அந்த ஓட்டை வழியாகக் குளிர் ஏறியது. மார்கழிக் குளிர் இல்லை. மார்கழிக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டைத் தலையில் கட்டினால் தீர்ந்தது. இது பல்லைக் கிட்டவைத்தது. கூடவே ஒரு வாசனை. வாடிய ரோஜாவும் ஊதுவத்தியும் ரப்பரும் கலந்த வாசனை. அப்புறம் பலகைக்கு அடியில் ஒரு சத்தம்.

ங்ங்ங்ங்.

டக்.

நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

நவீனுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஒன்றரை நாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் அவன்.

சுவேதாவுக்கு வந்தது காய்ச்சல். போர்வைக்கு மேல் போர்வை போட்டும், "நவீ, குளிருதுடா, கதவ சாத்து" என்றே முனகிக்கொண்டிருந்தாள். ஒரு விடிகாலையில் முனகல் நின்றது. தெரு முனையில் இருந்த டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவள் அண்ணன் எழிலரசன் கத்தாரிலிருந்து வர வேண்டும். வரும்வரை ஐஸ் பெட்டி. அதன் மோட்டார் ங்ங்ங்ங் என்று ஓடும், டக்கென்று நிற்கும், திரும்ப ஓடும். கை கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டி அவளை உள்ளே வைத்தார்கள்.

வந்தவர்கள் முகம் பார்ப்பதற்காகக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துவிட நவீனைத்தான் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் முகத்துக்கு நேரே ஒரு வெள்ளைப் படலம். துண்டால் துடைத்தான். போகவில்லை. அழுத்தித் துடைத்தான்.

அது உள்பக்கம் இருந்தது.

"பெட்டியத் தொறங்க" என்றான். கத்தினான். நாலு பேர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். "மாப்ள புத்தி கலங்கிப்போச்சு" என்றாள் அமிர்தம். பெட்டிக்காரர் நிதானமாகச் சொன்னார்: "ஈரம்தான் தம்பி. அப்படித்தான் இருக்கும்."

எழிலரசன் வந்த பிறகு திறந்தபோது, கட்டைவிரல் கட்டு அவிழ்ந்து கிடந்தது. "சரியா கட்டல" என்றார் யாரோ.

விறகெல்லாம் மழையில் ஊறிக் கிடந்ததால் புதைத்தார்கள். நவீனின் சொந்த ஊரில், இதே ஏரியோரத்து இடுகாடு. கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி அந்த இடுகாட்டையும் எடுத்துக்கொண்டது. குடிசையின் பிளாஸ்டிக் வழியாகப் பார்த்தால், அங்கே வேலிகாத்தான் மரங்களின் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும்.

ஒரு தடவை அவளைச் சூடாக்கிவிட வேண்டும். அவனுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

மறுநாள் வில்லியனூர் கடைத்தெருவில் ஓர் எலெக்ட்ரிகல் கடைக்குப் போய் ரூம் ஹீட்டர் கேட்டான். கல்லாவில் இருந்த மஞ்சுளா நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணி காய வெக்கிற ஹீட்டராண்ணா?"

"ரூமுக்கு."

"பாண்டிச்சேரிலயா? ஊட்டிக்கு எதனா போறீங்களா?"

"ஏரில. மீன் பிடிக்கிற குடிசைக்கு."

"மீனுக்குக் குளிருதாமா?" அவள் பின்னால் திரும்பி, "யக்கா, இங்க வாயேன், இந்தண்ணன் மீனுக்கு ஹீட்டர் கேக்குது" என்றாள். சிரித்து முடித்துவிட்டு அவளே யோசனையும் சொன்னாள். "கரண்ட் இருக்குதா அங்க? இல்லல்ல? அப்ப சின்ன சிலிண்டர் அடுப்பு வாங்கிக்கங்க. டீயாவது போட்டுக்கலாம்."

வாங்கினான். அன்று சாயங்காலம் பற்றவைத்தான். நீலச் சுடர் நிமிர்ந்து நின்றது. மேலே வைத்த தண்ணீர் கொதித்தது. ஆனால் குடிசை அப்படியே இருந்தது. சுடருக்குப் பக்கத்தில் வைத்த கை விறைத்தது. கடைசியில் ஓட்டையிலிருந்து வந்த காற்று, ஊதி அணைக்கிற மாதிரி அடுப்பை அணைத்தது.

ங்ங்ங்ங்.

மண்ணெண்ணெய் அடுப்பைக் கொண்டுவந்தான். புகை கண்ணைக் கரித்தது. குளிர் போகவில்லை.

பிறகு இஸ்திரிக் கடையிலிருந்து ஒரு சாக்கில் அடுப்புக்கரி வாங்கி வந்தான். மண்சட்டியில் கொட்டி, ஊதி ஊதிக் கனலாக்கினான். வெப்பம் மெதுவாகப் பரவியது. காதணிக் குழந்தையின் முகம் சிவந்தது.

டக்.

சத்தம் நின்றது. நெடுநேரம் திரும்பத் தொடங்கவில்லை. பல நாளுக்குப் பிறகு நவீன் மூச்சை முழுசாக விட்டான்.

காலையில் டீயோடு வந்த அருள்முருகன் சட்டியைப் பார்த்ததும் கத்தினான்.

"டேய், இன்னாடா இது? பேனர் அடிச்ச வூட்டுக்குள்ள கரியப் போட்டு வெச்சிருக்க? கதவ சாத்திக்கினு படுத்தன்னா எழுந்திருக்க மாட்ட. தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"படிச்சவன்தான நீ?"

"கெமிஸ்ட்ரி" என்றான் நவீன்.

அருள்முருகன் கரைக்குப் போனான். பிறகு ஒரு கருங்கல்லை உருட்டி வந்து, கதவு சாத்தாதபடி இடையில் வைத்தான். "இத எடுக்காத. ஓட்டையும் தொறந்தே கெடக்கட்டும். என் மேல ஆணையா சொல்லு." நவீன் சொல்லவில்லை. கல்லை எடுக்கவும் இல்லை.

அன்று மத்தியானமே வானம் இருண்டது. மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கே ஏரியும் வானமும் ஒரே சாம்பல். கதவிடுக்கில் சாரல் அடித்தது. கரி சீறிச் சீறிக் கறுத்தது. குளிர் ஓட்டை வழியாக ஏறி, அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

ரோஜா வாசனை.

"நவீ."

காதுக்கு வெகு அருகில்.

"குளிருதுடா. கதவ சாத்து."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்க மாட்டாள் என்று பயம். இருந்துவிடுவாள் என்றும் பயம். சாத்தினால் கரி எரியும், அவள் சூடாவாள், அவன் எழுந்திருக்க மாட்டான். சாத்தாவிட்டால் அவன் பிழைப்பான். பிழைத்து வில்லியனூருக்குப் போய் அமிர்தத்தின் அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

பெரிதாக யோசிக்க எதுவும் இல்லை.

கல்லை நகர்த்தினான். தாழ் போட்டான். ஓட்டையை மூடினான். மிச்சக் கரியையும் சட்டியில் கொட்டிவிட்டு, இடப்பக்கம் ஒருவருக்கு இடம் விட்டுப் படுத்தான்.

வெப்பம் வந்தது. தலை கனத்தது. சத்தம் நின்றது. "இப்ப?" என்று கேட்டான். இடப்பக்கம் யாரும் படுக்கவில்லை.

பிறகு வெப்பம் போயிற்று.

சட்டியில் கனல் செக்கச்செவேலென்று இருந்தது. சூடு மட்டும் இல்லை.

ங்ங்ங்ங்.

சத்தம் இப்போது அடியிலிருந்து வரவில்லை. நாலா பக்கத்திலிருந்தும் வந்தது.

பிளாஸ்டிக்கில் அவன் முகத்துக்கு நேரே ஒரு வெள்ளைப் படலம். அதற்கு அப்பால், ஆள் நிற்க இடமே இல்லாத தண்ணீர்ப் பக்கத்தில், யாரோ துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பொறுமையாக. வட்டம் வட்டமாக.

படலம் போகவில்லை.

அது உள்பக்கம் இருந்தது. அது அவன் மூச்சு.

எழ முயன்றான். கைகள் மார்பின் மேல் சேர்ந்து கிடந்தன. பிரியவில்லை. "தொற" என்று கத்தினான். வாய்க்குள்ளேயே கத்தினான்.

துடைத்த கை நின்றது. வெளியே சுவேதாவின் குரல் யாருக்கோ சொன்னது. நிதானமாக.

"ஈரம்தான். அப்படித்தான் இருக்கும்."

கதவை உடைத்தது அருள்முருகன். மழையில் கரை உடைகிறதா என்று பார்க்க வந்தவன், கல் கதவிடுக்கில் இல்லாததைப் பார்த்திருக்கிறான். நவீனைக் கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்து, பலகைப் பாதையில் மழையில் போட்டு, கன்னத்தில் அறைந்தான். இன்னொன்றும் அறைந்தான். நவீன் வாந்தி எடுத்தான்.

"மூச்சு வுடு. வுடுடா, நாயே. அழுதுகினு கெடக்க எங்களால முடியாது." சொல்லிக்கொண்டே அவன்தான் அழுதான். அப்புறம் நவீனின் கைகளைப் பிடித்துத் தூக்கப் போனவன், பிடியை விட்டுவிட்டான்.

"இன்னாடா இது? யாரு கட்டினது?"

இரண்டு கட்டைவிரலும் சேர்த்து, வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

அருள்முருகன் விரலால் அவிழ்க்கப் பார்த்தான். நகம்தான் பெயர்ந்தது. துணி ஐஸாகச் சில்லிட்டது. கடைசியில் இடுப்பிலிருந்த மீன் கத்தியால் அறுத்தான். இந்தத் தடவை சரியாகத்தான் கட்டியிருந்தது.

மழை கொஞ்சம் விட்டது. அருள்முருகன் குடிசைப் பக்கம் தலையைத் திருப்பினான். காதைத் தீட்டிக்கொண்டான்.

"கீழ இன்னாடா சத்தம்? எவன் போட்டான் இங்க மோட்டாரு?"

டக்.

"நின்னுடுச்சு" என்றான் அருள்முருகன்.

"இரு" என்றான் நவீன். "திரும்ப ஓடும்."