காவல் மீன்

சட்டையின் முதுகில் ஒரு கோடு இருந்ததை முதலில் பார்த்தது அவள் கணவன்தான். துவைக்க எடுத்தபோது, யூனிஃபார்மின் நடுமுதுகில் மேலிருந்து கீழாக ஒரு விரல் அகலத்துக்கு உப்புப் பூத்திருந்ததாம். மீன் காட்சியகத்தில் தொட்டி கழுவுகிறவள் சட்டையில் உப்பு இல்லாமல் சர்க்கரையா இருக்கும் என்று சொல்லி அவன் வாயை அடைத்தாள். ஆனால் தண்ணீர் தெறித்தால் முன்பக்கம்தானே தெறிக்கும்? அதுவும் தினமும் அதே இடத்தில், கோடு போட்ட மாதிரி? ராத்திரி பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போதும் அந்த நினைப்பு அவளை விடவில்லை.

காட்சியகத்தின் அடித்தளத்தில் மணல் அறை என்று ஒன்று உண்டு. கடலிலிருந்து லாரியில் வரும் மணலைத் தொட்டிகளில் போடுவதற்கு முன்னால் அங்கே மலை மாதிரி கொட்டி வைத்து அலசுவார்கள். பாசி வீச்சமும், எந்நேரமும் சொட்டிக்கொண்டிருக்கும் குழாயும், ஒரே ஒரு மங்கல் பல்பும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. பிரசவ விடுப்பு முடிந்து வந்ததிலிருந்து, பால் கட்டி மார் வலிக்கும்போதெல்லாம் அவள் அங்கே ஓடி, மணலுக்கு முதுகையும் கதவுக்கு முகத்தையும் காட்டி உட்கார்ந்து, பாப்பாவுக்காகப் பாலைப் பாட்டிலில் எடுத்து வைப்பாள். வேறு இடம் யார் கொடுத்தார்கள்? எல்லோரும் சிடுமூஞ்சி என்று கூப்பிடுகிற சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வேலைக்கே உலை வைத்துவிடுவான். அதனால் வெளியே செருப்புச் சத்தம் கேட்டாலே அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். உடம்பு ஒருதரம் வெடவெடத்து அடங்கும்.

அப்படி வெடவெடக்கும் ஒவ்வொரு முறையும் முதுகிலிருந்து ஏதோ ஒன்று சட்டென்று விலகும். ரப்பர் டியூபாக இருக்கும் என்று அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

இன்று காட்சியகம் மூடுகிற நேரத்தில் மறுபடி மார் கனத்தது. மாடியில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிலை மூடிவிட்டு, வீட்டுக்குப் போக அவள் எழுந்தாள்.

எழ முடியவில்லை.

இடுப்பைச் சுற்றி ஈரமாக, கணுக் கணுவாக ஏதோ கிடந்தது. இறுக்கவில்லை. கூட்டத்தில் கையை விட்டுப் போய்விடாமல் குழந்தையைப் பிடித்துக்கொள்வோமே, அந்த மாதிரி ஒரு பிடி. இன்னொன்று நடுமுதுகில், உப்புக் கோடு இருந்த அதே இடத்தில், மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டிருந்தது. பின்னால் சரக், சரக் என்று மணல் வாரும் சத்தம். வாரிய மணல் அவளுக்கு இரண்டு பக்கமும் வந்து விழுந்தது.

மேலே மூன்றாவது தொட்டியில் ஒரு ஜோடி இருக்கிறது. கண் தெரியாத இறால் ஓயாமல் வளை தோண்டும். கண் தெரிந்த மீன் வாசலில் காவல் இருக்கும். இறாலின் மீசை எந்நேரமும் மீனின்மேல் பட்டுக்கொண்டே இருக்கும். மீன் உடம்பைச் சிலுப்பினால் ஆபத்து. இரண்டும் உள்ளே பாய்ந்துவிடும். மீன் அசையாமல் நின்றால் பயமில்லை. இறால் வெளியே வரும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான், ஒருத்தர் உழைக்க ஒருத்தர் வேடிக்கை பார்க்க என்று பார்க்க வருகிறவர்களிடம் அவள் சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

இத்தனை நாளும் மணலுக்குள் இருக்கும் இதன் வாசலில் அவள்தான் காவல் இருந்திருக்கிறாள். சிடுமூஞ்சிக்குப் பயந்து நடுங்கி நடுங்கி, நடுக்கம் என்றால் ஆபத்து என்று அவளே அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு ஈரக்குலை நடுங்கியது.

அந்த நடுக்கம் போதும். விசுக்கென்று அவளை உள்ளே இழுத்தது. இருட்டு. கிளிஞ்சல் பதித்துப் பூசிய வழுவழுப்பான சுவர். அவள் கை கால் நீட்டிப் படுக்க அளவெடுத்த மாதிரி ஒரு குழி. அவளுக்காகத் தோண்டிய வீடு. மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து, உடம்பைக் கல்லாக்கினாள். வெகுநேரம் கழித்து அது அவளை மெதுவாகத் தள்ளி, மறுபடி வாசலில் உட்கார வைத்தது.

நடுங்கக் கூடாது. அசையக் கூடாது. எப்படியாவது பாப்பாவிடம் போய்ச் சேர வேண்டும்.

கதவு திறந்தது. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு கணவன் நின்றான். அவளைக் காணோமே என்று தேடி வந்திருக்கிறான். பாப்பா வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"இங்கயா உக்காந்திருக்க? பாட்டில் பாலைத் தொடவே மாட்டேங்குது. அழுது அழுது தொண்டையே கட்டிப்போச்சு."

"உள்ள வராதீங்க."

"எம்மேல கோவமா? வீட்ல போய்த் திட்டு. முதல்ல இவளை வாங்கு."

அவன் உள்ளே வந்தான்.

பின்னால் மணல் சத்தம் நின்றது. அது கவனிக்கிறது. அவள் முதுகு என்ன சொல்கிறது என்று கேட்கிறது.

இப்போது நடுங்க வேண்டும். நடுங்கினால் அது அவளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். போகட்டும். குழந்தை தப்பித்தால் போதும். நடுங்கு, நடுங்கு என்று உடம்பிடம் கெஞ்சினாள்.

பாப்பா அழுதது. மாரில் பால் சுரந்தது. சட்டை நனைந்தது. தோள் தளர்ந்தது. முதுகு இளகியது. அந்த அழுகையைக் கேட்டால் எப்போதும் இளகுவது போலவே இளகியது.

அது புரிந்துகொண்டது. ஆபத்தில்லை.

அவள் தோளுக்கு மேலாக, காதை உரசிக்கொண்டு, ஈரமான நீண்ட மீசை ஒன்று வெளியே வந்தது. இன்னும் நீண்டது. கணவன் குனிந்து குழந்தையை அவளிடம் நீட்டினான். மீசையின் நுனி காற்றில் துழாவித் துழாவிப் போய், பாப்பாவின் சின்ன முதுகைத் தொட்டது.

பாப்பா அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது.