கறுப்புப் பை வேண்டாம் என்ற லூமி

ஈப்போ நகரத்து மழைக்கு எப்போதும் அவசரம். மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு நனைந்த தலையோடு மாலுக்குள் ஓடி வந்தவன், தேடி வந்த கடையில் முதலில் கண்ணில் பட்ட கண்ணாடி முன் நின்று முடியைக் கோதினான். பாவம், அது சாதாரணக் கண்ணாடி இல்லை. எதிரே நிற்பவர் மேல் கடைச் சரக்கைப் போட்டுக் காட்டும் டிஜிட்டல் திரை. அடுத்த நொடி அவன் தோளில் ரோஜா நிறச் சால்வை, கையில் முத்து வைத்த கைப்பை...

பின்னால் ஒரு சிரிப்பு. திரும்பினான். அப்பப்பா, அந்தக் கண்கள்... மை கொஞ்சம், குறும்பு நிறைய.

"சிரிக்காதீங்க லா."

"சாரி சார். ஆனா அந்தக் கலர் உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு."

"அப்போ பேக் பண்ணிக் குடுங்க."

"குடுக்கலாம். மெம்பர் பேரு?"

"ஹரிஷாந். சிம்பாங் பூலாய்லேருந்து வாரேன். அக்கா கல்யாணத்துக்கு ஒரு கைப்பை வேணும். உங்க லூமிகிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்."

சிரித்த கடைப் பெண் மாதுமை அவனை இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள். ஹரிஷாந்... இவனா அவன்?

'வெலூரா' கடையின் ஆப்பில் வாடிக்கையாளர்களோடு பேசுவது லூமி என்ற மெஷின். விளம்பரம் அப்படித்தான் சொல்கிறது. யாராவது தமிழில் எழுதிவிட்டால் லூமி திருதிருவென்று விழிக்கும். உடனே பின்னறையில் உட்கார்ந்து லூமியாகப் பதில் எழுதுவது மாதுமை. வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும். சில வாரங்களாக இவன் எழுதிக்கொண்டிருந்தான். கைப்பையில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போனது. அப்பா போன பிறகு அக்கா கல்யாணத்தைத் தானே எடுத்து நடத்துவதையும், சபையில் அப்பா இடத்தில் நிற்கப் பயமாக இருப்பதையும் கூடச் சொன்னான். இவள் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள். அவன் எழுதாத நாளில் இவளுக்குச் சோறு இறங்கவில்லை. முகம் தெரியாதவனுக்காக இப்படியா என்று தன்னையே திட்டிக்கொண்டதும் உண்டு.

முகம் இப்போது எதிரே நின்று, அலமாரியில் சிவப்புப் பைக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பையை எடுத்தது.

"எனக்கு இதுதான் புடிச்சிருக்கு."

"நல்ல நாளும் அதுவுமா கறுப்பா? அம்மா ஏசுவாங்க லா."

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்தாள். ஹரிஷாந் சட்டென்று நிமிர்ந்தான். மெல்லக் கைத்தொலைபேசியை எடுத்து, கறுப்புப் பை பற்றி லூமி எழுதிய பழைய பதிலைத் தேடினான். அதே சொற்கள்... அதே 'லா' கூட.

"நீங்களா அது?"

அவள் தலை குனிந்தாள்.

"மெஷின்னு நெனச்சுத்தான் அதெல்லாம் சொன்னேன். மனுஷங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. எல்லாரும் சேர்ந்து படிச்சுச் சிரிச்சீங்களா?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் மேனேஜர். அவள் விழுங்கிக்கொண்டாள். அவன் பையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மழை அவனை வாசலிலேயே பிடித்து வைத்திருந்தது. மாதுமை கண்ணாடிச் சுவர் வழியாக அவன் முதுகைப் பார்த்தாள். இவன் இப்படியே போய்விட்டால்...  வேலை போனால் போகட்டும். கடையின் டேப்லெட்டை எடுத்தாள்.

'இது லூமி இல்ல. நான் மாதுமை. வேற யாரும் படிக்கல. நான் ஒரு நாளும் சிரிக்கல. அப்பாவைப் பத்தி எழுதுனீங்களே, அன்னிக்கு அழுதேன். எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. இதை மெஷின் சொல்லல.'

அனுப்பிவிட்டாள். அவன் குனிந்து படிப்பது தெரிந்தது. நிமிரவே இல்லை. மழை விட்டது. மற்றவர்கள் கலைந்து போனார்கள், அவன் மட்டும் நின்றான்...

பிறகு உள்ளே வந்தான். திரை மறுபடியும் ரோஜாச் சால்வையைப் போர்த்தியது. அவன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அந்தச் சிவப்புப் பையைக் குடுங்க. அப்புறம்... கல்யாணத்துக்கு நீங்களும் வரணும்."

"உங்க அம்மா யாருன்னு கேட்டா?"

"பயமா இருக்குன்னு சொன்னப்போ, பக்கத்துல உக்காந்து கேட்ட பொண்ணுன்னு சொல்லுவேன். எனக்கு ரொம்பப் புடிச்ச பொண்ணுன்னும் சொல்லுவேன்."

மாதுமையின் மை கலைந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டே சிவப்புப் பையை எடுத்தாள்.

"வாரேன். உங்க பக்கத்துலதான் நிப்பேன்... பயப்படாதீங்க."