தோணித்துறை

கூடத்துத் தரையில் இருந்த ஈரம் வளைந்திருந்தது. சிந்திய தண்ணீர் இப்படியெல்லாம் வளையாது. வாசலில் தொடங்கி, சாப்பாட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு, அவள் மகள் மதியத் தூக்கம் தூங்கும் அறைக்குள் போயிற்று. துடைத்தாள். மறுபடியும் அதே வளைவு. குழாய் ஒழுகுகிறது, வேறென்ன என்று தன்னையே அதட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள்.

பழைய நகர வரைபடத்தை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்தி, மண்ணுக்குள் மூடப்பட்ட ஆறுகள் எங்கே போகின்றன என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. இரண்டிலும் மாறாத இடங்களாகப் பார்த்துப் புள்ளி வைக்க வேண்டும். இந்தப் பகுதிக்குப் புள்ளி சொன்னது அண்ணன். அவனுக்கும் இதே தொழில்தான். "இரும்புப் பாலத்த வெச்சுக்கோம்மா. அது அசையாது." அண்ணன் சொன்னால் அவளிடம் மறுபேச்சு கிடையாது. புருஷன் இறந்தபின் கைக்குழந்தையோடு நின்றவளுக்குத் தன் வீட்டையே எழுதிக் கொடுத்தவன் அல்லவா!

இன்றைக்கு வந்த இன்னொரு பழைய படத்தில் பாலம் ஒரு தெரு தள்ளி இருந்தது. அதை இடித்துவிட்டு, அதே பெயரில் வேறு இடத்தில் கட்டியிருக்கிறார்கள். சே, இதைக்கூடவா பார்க்காமல் விட்டேன்! புள்ளியை அழித்து மணிக்கூண்டில் வைத்தாள். ஆறு மொத்தமும் ஒரு தெரு நகர்ந்தது. நீலக்கோடு அவள் வாசலில் நுழைந்து, மேசை இருக்கும் இடத்தைச் சுற்றி, மகளின் அறையில் கரை தொட்டது. அங்கே பொடி எழுத்தில், தோணித்துறை.

அழுகிய இலை வாசம் வந்தது. தரைக்கடியில் துடுப்புப் போடுவதுபோல் ஒரு சளப், சற்று நேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு சளப். அதற்கும் கீழேயிருந்து யாரோ இழுத்து இழுத்துக் கூப்பிட்டார்கள்.

"அக்கரைக்கு யாரு…?"

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"பாலத்த மாத்திக் கட்டினது உனக்குத் தெரியுமாண்ணா?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"உன்னத்தான் கேக்கறேன்."

"பாத்துட்டியா," என்றான். "அந்த வீட்ல இருக்கறப்போ என் பையன் தூக்கத்துல அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சான்மா. ஒரு புள்ள ஏறாம அது விடாது. வேற வழி தெரியல."

"அதுக்கு என் புள்ளதான் கெடச்சாளா உனக்கு?"

"எனக்கும் புள்ள இருக்கானே."

கூடப் பிறந்தவன். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான். இந்த வீட்டைச் சொல்லிச் சொல்லி, பார்க்கிறவர்களிடமெல்லாம் அவனைப் புகழ்ந்திருக்கிறாள், பாவி. அழுகை வரவில்லை.

உள்ளேயிருந்து மகளின் குரல். தூக்கத்தில். சந்தோஷமாக.

"இதோ வந்துட்டேன்!"

ஓடினாள். சளப். கதவு. கட்டில். காலி. போர்வையில் இன்னும் சூடு. ஜன்னல் தாழ் போட்டபடி.

ஈரம் கட்டில் ஓரம்வரை வந்து நின்றிருந்தது. அதன் விளிம்பில் மகளின் சின்னச் செருப்புகள், தோணி ஏறுகிறவர்கள் கழற்றி வைப்பதுபோல் ஜோடியாக.

கையிலிருந்த போனில் அண்ணன் மெதுவாகக் கேட்டான்.

"ஏறிட்டாளா?"

அவள் ஈரத்தில் மண்டியிட்டுத் தரையை உள்ளங்கையால் தட்டினாள். அந்தப் பக்கம் அவன் பெருமூச்சு விட்டான், பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரி. அவள் கண்ணெதிரே தரை காயத் தொடங்கியது, செருப்புகளிலிருந்து வாசலை நோக்கி.