ரேவதி நட்சத்திரத்துக்கு ஒரு சார்ட்

மூன்றரைக்கு மார்க்கெட் மூடிவிட்டது. கம்ப்யூட்டரில் பங்கு விலை காட்டுகிற எல்லாச் சார்ட்டும் செத்த பாம்பாய்க் கிடக்க, ஒன்று மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

சூர்யநாராயணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். இரண்டாயிரத்து ஏழின் கடைசி நாள். மலையடிவாரத்தில் அவனுடைய பங்குச்சந்தை ஆபீசுக்கு வெளியே படித் திருவிழாக் கூட்டம் ஜால்ராவும் அரோகராவுமாக நகர்ந்துகொண்டிருந்தது. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள், மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி, படிக்குப் படி மஞ்சள் குங்குமம், படிக்குப் படி கற்பூரம் என்று ஏறுகிற அந்த ஜனங்களின் வியர்வை நெடியும் கற்பூரப் புகையும் ஜன்னல் இடுக்கு வழியாக நுழைந்து கம்ப்யூட்டரின் சூட்டு வாசனையோடு கலந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டான். மூன்று தலைமுறையாக மலைமேல் மடப்பள்ளியில் புளியோதரை கிளறிய குடும்பம் அவனுடையது. அந்தக் கரண்டியை உதறிவிட்டு வந்ததில் அவனுக்கு அப்படி ஒரு கர்வம்.

அவன் மனைவி சாய்லக்ஷ்மியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். மகள் பத்மஜாவையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். எட்டு வயசு. உலகத்தில் அவன் ஏளனம் செய்யாத ஒரே ஜீவன் அவள்தான். "நைனா, என் செருப்பைப் பாத்துக்கோ, யாராச்சும் மாத்திடப் போறாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறப் போனாள். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

அசைகிற சார்ட்டின் தலைப்பைப் பார்த்தான். ஆறுமுகம் பூசம்.

சிரிப்பு வந்தது. போன வாரம் நடந்த கூத்து அது. ஆறுமுகம் பக்கத்துக் கே.ஜி.கண்டிகையில் நெல்லும் வேர்க்கடலையும் பயிர் போடுகிறவர்; பங்கு வாங்க வந்திருந்தார். பதினைந்து வயசு மூத்தவர் என்றாலும் சூர்யநாராயணனுக்கு அவர் 'நீ'தான். பங்கின் பெயரை அடிக்கிற பெட்டியைக் காட்டி, "இதுல பேரு, நட்சத்திரம் சொல்லணுங்களா சார்?" என்று கேட்டார். அர்ச்சனைச் சீட்டு என்று நினைத்துவிட்டது அந்த ஜென்மம்! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? சொல்லு சொல்லு என்று கேட்டு, சூர்யநாராயணன் அப்படியே அடித்தான். வெறும் வெள்ளையாக ஒரு சார்ட் திறந்தது. வேடிக்கை முற்றிப்போய், அதன் அடியில் சிவப்பாக ஒரு கோடும் இழுத்தான்.

"விலை இறங்கி இதைத் தொட்டா மணி அடிக்கும். உன் கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

ஆறுமுகம் கோபித்துக்கொள்ளவில்லை. "என் ஒருத்தன் பேருக்கு மட்டும் பண்ணா நல்லாருக்காது சார். உங்க வீட்டுக் கொழந்த பேரும் சேத்துக்கோங்க. நல்லாருக்கட்டும்."

அதையும் அடித்தான். பத்மஜா ரேவதி. கைப்பழக்கத்தில் அதற்கும் ஒரு சிவப்புக் கோடு.

"தப்பா போட்டுட்டா அழிச்சிக்கலாங்களா?"

"முதல்ல கோட்டு மேல கிளிக் பண்ணணும். ரெண்டு முனையிலயும் சின்னதா கட்டம் வரும். அப்பறம்தான் டெலீட். கோட்டைப் பிடிக்காம டெலீட்டை அழுத்தற முண்டங்களுக்கு சார்ட் மொத்தமும் போய் கோடு மட்டும் நிக்கும்."

'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேட்கிற பெட்டியை அவன் எப்போதோ நிறுத்திவைத்திருந்தான். அதெல்லாம் முட்டாள்களுக்கு.

அன்று வெள்ளையாக இருந்த சார்ட் இன்று நிறைந்திருந்தது. நாளுக்கு ஒரு கேண்டில், ஏறின நாளுக்குப் பச்சை, இறங்கின நாளுக்குச் சிவப்பு என்று மெழுகுவர்த்தி மாதிரி குட்டிக் குட்டிக் கட்டைகள். மவுஸை அவற்றின்மேல் நகர்த்த, ஓரத்தில் தேதி வந்தது. ஆகஸ்ட் பதினைந்து. இன்னொன்று ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. மார்க்கெட்டே இல்லாத நாளுக்கெல்லாம் கேண்டில். கடைசியில் இருந்தது மட்டும் துடித்துத் துடித்து இறங்கிக்கொண்டிருந்தது.

எவனோ விளையாடுகிறான். நன்றாகக் கிழிக்கலாம் என்று ஆறுமுகத்துக்குப் போன் போட்டான்.

"சார்… படி ஏறிகினு இருக்கேங்க… இருநூறு தாண்டிட்டேன்…"

மூச்சு இரைத்தது. ஒவ்வொரு இரைப்புக்கும் கேண்டில் ஒரு பிடி இறங்கியது.

"உக்காருய்யா." அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஆங்?"

"ஏறாதே! அங்கயே உக்காரு!"

"இன்னும் கொஞ்சந்தான் சார்… உங்க வீட்டம்மாவும் பாப்பாவும் முன்னாலதான் போறாங்க…"

கேண்டில் சிவப்புக் கோட்டைத் தொட்டது. கம்ப்யூட்டர் மணியடித்தது. போனுக்குள் ஏதோ தொப்பென்று விழுந்தது. தண்ணி, தண்ணி என்று யாரோ அலறினார்கள். பிறகு ஜால்ரா மட்டும் கேட்டது.

சார்ட் தானாக மூடிக்கொண்டது. அடுத்தது திறந்தது.

பத்மஜா ரேவதி.

எட்டு வருஷம். பிறந்த நாளிலிருந்து, நாளுக்கு ஒன்று. கடைசிக் கேண்டில் இறங்கிக்கொண்டிருந்தது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் மேலே.

சாய்லக்ஷ்மிக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை.

முருகா, என்றான். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம்.

கோட்டை அழித்துவிட்டால் போதும். கோடு இல்லையென்றால் தொடுவதற்கு ஒன்றுமில்லை. உள்ளங்கை வியர்த்தது. மவுஸ் வழுக்கியது. கிளிக். டெலீட்.

கட்டம் வந்ததா?

பார்க்கவில்லை.

கேண்டில்கள் இடது ஓரத்திலிருந்து மறைய ஆரம்பித்தன. பிறந்த நாள். பள்ளியில் சேர்த்த நாள். போன மாசம். நேற்று. இன்று.

வெள்ளை. சிவப்புக் கோடு மட்டும் அப்படியே இருந்தது. அழித்ததைத் திரும்பக் கொண்டுவருகிற பட்டன் சாம்பல் பூத்துக் கிடந்தது. குத்தினான். மறுபடி குத்தினான்.

போன் அடித்தது. சாய்லக்ஷ்மி.

"கூப்பிட்டீங்களா? நம்ம ஆபீசுக்கு வருவாரே ஆறுமுகம், படியிலயே போயிட்டாருங்க. பாவம், கூட்டமே நின்னுடுச்சு."

"பாப்பா எங்க?"

"யாரு பாப்பா?"

"பத்மஜாடீ! உன் கையைப் பிடிச்சுகினுதானே ஏறினா!"

அவள் குரல் உடைந்து வந்தது. "இன்னைக்குப் போய் ஏங்க இப்படிக் கேக்கறீங்க? ஒரு கொழந்தையக் குடுன்னு கேட்டுதானே வருஷா வருஷம் இந்தப் படிய ஏறிகினு இருக்கேன்."

வாசலைப் பார்த்தான். ஒரு ஜோடிச் செருப்பு.

திரும்ப அடித்தால் வந்துவிடும். ஆறுமுகம் கேட்டாரே, பேரு, நட்சத்திரம். அவ்வளவுதான். பெட்டியைத் திறந்தான். ரேவதி என்று அடித்துவிட்டு, பேருக்காக அதன் முன்பக்கம் கிளிக் செய்தான்.

அதற்கு முன்னால் ஒரு பேர் வரவேண்டும். இப்போதுதான் சொன்னான். கத்திச் சொன்னான். என்ன பேர் அது? விரல்கள் எழுத்துக்களின்மேல் தேடித் தேடி நின்றன. பெட்டிக்குள், ரேவதிக்கு முன்னால், சின்னக் கோடு ஒன்று மின்னி மின்னிக் காத்திருந்தது.