பதினான்காம் மேசை

வியாழக்கிழமையிலிருந்து அவளுடைய இடது கையில் மட்டும் பார்மலின் வாடை போகவே இல்லை.

உடற்கூறியல் துறையில் வேலை பார்ப்பவள் கையில் அந்த வாடை அடிப்பதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. ஏழு வருஷமாக அது அவளோடுதான் பஸ்ஸில் வருகிறது, அவளோடுதான் சாப்பிட உட்காருகிறது. ஆனால் வாடை இரண்டு கையிலும் அல்லவா இருக்க வேண்டும்? வலது கையை முகர்ந்தால் சோப்பு வாசனை. இடது கையை முகர்ந்தால் கண் கரித்தது. எலுமிச்சம்பழம் தேய்த்தாள், காபித்தூள் தேய்த்தாள், கடைசியில் பாத்திரம் துலக்கும் பொடியையும் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். தோல் கொஞ்சம்கூடச் சிவக்கவில்லை. எரியவும் இல்லை.

மரத்துப்போயிருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முழங்கையில் நரம்பு அழுந்தினால் இப்படி ஆகும். எந்த நரம்பு, எந்த எலும்பின் பின்னால் அழுந்தும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். படித்த படிப்புக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? அதில் ஒரு நல்லதும் இருந்தது. பதினோரு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து ஒடித்துக்கொண்ட கை அது. உள்ளே ஒரு ஸ்டீல் தகடும் அதைப் பிடித்துக்கொண்டு ஆறு திருகாணிகளும் இன்னும் இருந்தன. மழை வந்தால் போதும், குடைய ஆரம்பித்துவிடும். இப்போது மூன்று நாளாக விடாத மழை, ஒரு குடைச்சல் இல்லை.

உடற்கூறியல் படிக்கப்போகிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்காதவள், டாக்டராகப் போகிறவர்களுக்குப் பிணத்தைத் தயார் பண்ணிக் கொடுக்கப்போகிறாளா என்று கேட்டான். அண்ணி இன்றுவரை அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுகிறாள். அதில் மரியாதை எத்தனை, கிண்டல் எத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஒருத்தி மருத்துவப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள். ஒருத்தன் செயற்கைக் கால் செய்யும் கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருக்கிறான். இன்னொருத்தி நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். இவள் மட்டும் உடல்களோடு தங்கிப்போனாள். உறுப்புகளை அறுத்துச் சுத்தம் செய்து, தமனிக்குச் சிவப்பும் சிரைக்கு நீலமும் நரம்புக்கு மஞ்சளும் மெல்லிய பிரஷ்ஷால் பூசி, மியூசியத்துக்காக ஜாடியில் வைக்கும் வேலை. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இருந்தும் ஏழு வருஷமாகத் தற்காலிகம்தான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு குழு வருகிறது, அவள் செய்துவைத்த கையைப் பார்த்தால் நிரந்தரம் பண்ணிவிடுவார்கள் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார்.

அந்தக் கையைப் பற்றி நினைக்காமல் இருக்கத்தான் அவள் பார்த்தாள்.

போன வருஷம் பதினான்காம் மேசைக்கு வந்த ஒரு தையற்காரம்மாவின் இடது கை அது. தசைகளுக்கு அடியில் ஓட வேண்டிய தமனி, அந்தக் கையில் தோலுக்கு நேர் கீழே, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நூல் பிடித்தமாதிரி ஓடியது. புத்தகத்தில் மட்டுமே அவள் பார்த்திருந்த விஷயம். ஆனால் உடலை எழுதிக் கொடுத்தபோதே தையற்காரம்மா படிவத்தில் தெளிவாகக் குறித்திருந்தாள், எதையும் நிறுத்தி வைத்துக்கொள்ளக் கூடாது என்று. ஒவ்வொரு மேசைக்குக் கீழும் அதே எண் போட்ட பெட்டி ஒன்று உண்டு. அறுக்கும்போது விழும் கொழுப்புத் துணுக்குகூட அந்தப் பெட்டிக்குள்தான் போக வேண்டும். வருஷக் கடைசியில் உடலும் பெட்டியும் சேர்ந்து வீட்டாரிடம் போய்ச்சேரும். துறையில் எதை மீறினாலும் இதை மீற மாட்டார்கள். அவள் மீறினாள். கையின் எடைக்கு மணலை ஈரத்துணியில் சுற்றி வைத்து, பெட்டியை மூடித் தானே சீல் வைத்தாள்.

வாங்கிப்போக மகள் வந்திருந்தாள்.

“அம்மாவோடது எல்லாம் முழுசா வந்துடுச்சாங்க?”

“முழுசா வந்துடுச்சும்மா.”

அழுதுகொண்டிருந்த மகள் லேசாகச் சிரித்தாள். “அவங்களுக்கு ஒரு பொத்தான் காணலைன்னாலும் தூக்கம் வராது. வீட்டையே பொரட்டிப் போட்டுடுவாங்க. கிடைக்கிற வரைக்கும் விட மாட்டாங்க.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழு வருவதற்கு முன் ஜாடியை ஒருமுறை துடைத்துவைக்கலாம் என்று அவள் வேலைக்கு வந்தாள். விடுமுறையானதால் கட்டிடத்தில் ஒரு பிள்ளை இல்லை. காலையில் குளிக்கும்போது பார்த்த இடது கை, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கிப் பழுப்பேறி இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் முழுக்கைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே நுழையும் முன்பே கையுறைகளையும் மாட்டிக்கொண்டாள். உடல்களை அறுக்கும் ஹாலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் வாசலில் குடையை உதறிக்கொண்டு நின்றார்.

“பதினாலுல ஒரு பாடி வந்திருக்கே மேடம். நீங்கதானே வாங்கி வெச்சீங்க?”

அவள் வாங்கவில்லை. துறைத்தலைவர் வாங்கியிருப்பார் என்று சொன்னாள். அவரும் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு, போகும்போது சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கச் சொல்லிப் போய்விட்டார். வெளிக்கதவு சாத்தும் சத்தம் மாடிவரைக்கும் கேட்டது.

மியூசியத்தில் மழை வெளிச்சம் ஜாடிகளின் மேல் சாம்பலாக விழுந்திருந்தது. மூன்றாவது அலமாரி, நடுத்தட்டு. அவள் கையெழுத்தில் அவளே ஒட்டிய சீட்டு. மூடியைச் சுற்றி அவள் ஊற்றிய மெழுகு, விரிசல்கூட விடாமல். உள்ளே திரவம் தெளிவாக இருந்தது. கண்ணாடித் தட்டு நின்றது. கையைத் தட்டோடு சேர்த்து அவள் கட்டியிருந்த ஐந்து வெள்ளை நூல்களும் இருந்தன, முடிச்சு அவிழாமல், வளையம் வளையமாக.

கை இல்லை.

அலமாரி முழுக்கத் தேடினாள், அடுத்த அலமாரியையும் தேடினாள், கழுவும் தொட்டிக்குள்கூடப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். மெழுகு உடையாமல் எப்படி என்ற கேள்வி வந்தது. அதை அவள் உள்ளே விடவில்லை. நாளை பத்து மணி என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஏழு வருஷம். அண்ணியின் டாக்டரம்மா. வெறும் ஜாடியைக் காட்டி எந்தக் குழுவிடம் என்ன கேட்பது? பதினான்காம் மேசையில் ஒரு உடல் இருக்கிறது. அதற்கும் ஒரு இடது கை இருக்கும். இன்று முழுக்க உட்கார்ந்தால் ஒரு கையை முடித்துவிடலாம். படிவத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஹாலில் மற்ற மேசைகள் எல்லாம் துடைத்துக் காலியாகக் கிடந்தன. பதினான்கில் மட்டும் பச்சைத் துணிக்கு அடியில் ஒரு உருவம். முகத்தைத் தனியாக ஒரு வெள்ளைத் துணி மூடியிருந்தது. முகம் கடைசிப் பாடம், அதுவரை யாரும் திறப்பதில்லை. மழைநீர்க் குழாய் சளசளத்தது. எங்கோ ஒரு ஜன்னல் கொக்கி ஆடி ஆடி அடித்துக்கொண்டிருந்தது. அவள் பச்சைத் துணியின் ஓரத்தைத் தூக்கியபோது முதலில் தெரிந்தது வலது கை. கிழவியின் கை. ஆள்காட்டி விரல் நுனியில் கறுப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள்.

ஊசி குத்திய புள்ளிகள். இடது கையால் தைப்பவர்களுக்குத்தான் வலது விரலில் குத்தும்.

தையல் வேலை செய்த கை உலகத்தில் ஒன்றா இரண்டா என்று அவள் முணுமுணுத்தாள். ஹாலில் அவள் குரல் அவளுக்கே நன்றாக இல்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தாள். இடது கையை வெளியே எடுத்து, உள்ளங்கை மேலே தெரியும்படி திருப்பிவைத்தாள். சுருக்கம் இல்லாத கை. இந்தக் கிழவிக்கு இந்தக் கை எப்படி என்று ஒரு நொடி தோன்றியது. விளக்கை இழுத்துக் கிட்டே வைத்தாள். கத்தியை எடுத்தாள்.

முதல் கோடு. முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டுக்கு.

எங்கோ எரிந்தது.

தன்னைத்தான் வெட்டிக்கொண்டோம் என்று கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிழியவில்லை. மேசையைப் பார்த்தாள்.

கோடு சிவந்துகொண்டிருந்தது.

செத்த உடலில் ரத்தம் வராது. முதல் வருஷப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். இது வந்தது. சொட்டுச் சொட்டாக. பிறகு மணிக்கட்டு வழியாக மேசை விளிம்புக்கு. நிறுத்த வேண்டும் என்று நினைத்தாள். நிறுத்தவில்லை. ஏழு வருஷம் பழகிய வலது கை தானாக இன்னும் ஆழத்துக்குப் போனது. எரிச்சல் பல்வரைக்கும் ஏறியது.

டிக்.

எலும்பில் கத்தி பட்டால் அப்படிச் சத்தம் வராது.

கத்தி நுனியால் விலக்கினாள். ஸ்டீல் தகடு. ஒரு திருகாணி. இரண்டு. மூன்று. அவள் உதடு தானாக எண்ணியது. நான்கு. ஐந்து.

ஆறு.

கத்தி விழுந்தது. மேசையிலிருந்த மணிக்கட்டில் விரலை வைத்தாள். சூடாக இருந்தது. துடித்தது. வேகமாக, அவள் நெஞ்சு எந்த வேகத்தில் அடித்ததோ அதே வேகத்தில். தன் இடது மணிக்கட்டைத் தொட்டாள். கையுறைக்கு அடியில் ஈரமாக, கெட்டியாக, அசையாமல் ஏதோ இருந்தது.

கையுறையைக் கழற்றினாள். கோட்டின் கையைச் சுருட்டினாள்.

தோல் இல்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை, நூல் பிடித்தமாதிரி, அந்தத் தமனி. சிவப்புப் பெயிண்ட். பக்கத்தில் மஞ்சள். மணிக்கட்டுக்குப் பக்கத்தில், பெயிண்ட்டில் ஒட்டிக் காய்ந்துபோன ஒரு பிரஷ் முடி. போன வருஷம் அதை எடுக்க வேண்டும் என்று நினைத்து மறந்திருந்தாள்.

அந்தக் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

மேசையில், சூடான கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெல்ல ஒன்றுசேர்ந்தன, ஊசியைப் பிடிக்கிறமாதிரி. அவை ஒன்றையொன்று தொட்டது அவளுக்குத் தெரிந்தது. தன் விரல் தெரிவதுபோலவே தெரிந்தது. மூன்று நாளுக்குப் பிறகு அந்த விரல்களில் உணர்ச்சி திரும்பியிருந்தது. ரத்தம் வழிய அந்தக் கை எழுந்து, மார்பைத் தாண்டி, மேலே போனது.

விரல் நுனியில் துணி பட்டது. மெல்லிய, ஈரமான, மடித்துத் தைத்த ஓரம். முகத்துணியின் ஓரம். அவள் அதைப் பிடித்திருந்தாள். பிடித்து, மெதுவாக, கீழே இழுத்துக்கொண்டிருந்தாள்.